28மிமீ லென்ஸில் ஜோன் ஃபோகஸ்: ஸ்கேல் 1.6 மீட்டரிலிருந்து ஷார்ப் என்கிறது, பிரிண்டில் முகம் மங்கல்

மேகமூட்டம் எழுதியது:

வணக்கம். பாடி லைக்கா எம்6, லென்ஸ் 28மிமீ எஃப்/2.8, ஃபிலிம் எச்பி5 பிளஸ் 400. தெருவில் எடுக்கும்போது அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப்/8-இல் வைத்து, முடிவிலிக் குறியை டெப்த் ஸ்கேலில் (எங்கிருந்து எங்குவரை ஷார்ப் என்று காட்ட, ஒவ்வொரு எஃப் எண்ணுக்கும் இருபுறமும் லென்ஸில் போட்ட கோடுகள்) ஒரு பக்கத்து 8 கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன். மறுபக்கத்து 8 கோடு 1.6 மீட்டருக்கு அருகில் நிற்கிறது. அப்படியானால் 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஷார்ப்பாக வரவேண்டும் அல்லவா?

காண்டாக்ட் ஷீட்டில் (நெகட்டிவ் அளவிலேயே போட்ட பிரிண்டில்) எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. 12×18 அங்குலப் பிரிண்ட் போட்டால் முன்னால் நிற்பவர் முகம் மெத்தென்று இருக்கிறது. பின்னால் சுவரில் ஒட்டிய போஸ்டரின் பொடி எழுத்து நறுக்கென்று விழுகிறது. ஆட்கள் பெரும்பாலும் ஒன்றேமுக்கால், இரண்டு மீட்டரில் இருப்பவர்கள். ஷட்டர் வெயிலில் 1/1000, நிழலில் 1/125. ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு பிம்பங்களையும் ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்து எடுத்த படங்களில் குறை இல்லை.

ஸ்கேலை எவ்வளவு நம்பலாம்? தூரத்தைக் கண்ணால் மதிப்பிட நம்பகமான வழி உண்டா? அல்லது லென்ஸிலேயே கோளாறா?

---

இருட்டறை எழுதியது:

லென்ஸ் மீது சந்தேகப்படுவதற்கு முன் நீங்கள் வைத்த இடத்தைப் பாருங்கள். நீங்கள் செய்வது ஜோன் ஃபோகஸ் (ஆள் நிற்கும் தூரத்தில் ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிடுவது) அல்ல, ஹைப்பர்ஃபோகல். இரண்டும் ஒரே ஸ்கேலைப் பயன்படுத்துவதால் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். ஹைப்பர்ஃபோகல் என்பது முடிவிலியைக் கைவிடாமல் எவ்வளவு கிட்டே வரலாம் என்ற கணக்கு. மலை, ஏரி, கோபுரம் எடுப்பவருக்கு அது வேண்டும். தெருவில் உங்கள் ஆள் இரண்டு மீட்டரில் நிற்கிறார். முடிவிலியில் யாருக்கு என்ன வேலை?

28மிமீ, எஃப்/8, மங்கல் வட்டம் (ஃபோகஸ் தவறிய ஒரு புள்ளி ஃபிலிமில் விரியும் வட்டம்) 0.03 மிமீ என்று எடுத்தால் ஹைப்பர்ஃபோகல் தூரம் 3.3 மீட்டர். அதில் பாதி 1.65. உங்கள் ஸ்கேல் சொல்வது இதைத்தான். ஆனால் 1.65 என்பது ஷார்ப் தொடங்கும் இடம் அல்ல, அனுமதிக்கப்பட்ட மங்கல் முடியும் இடம். கோட்டின் இந்தப்பக்கம் ஷார்ப், அந்தப்பக்கம் மங்கல் என்று எந்த லென்ஸும் பிரித்துக் கொடுப்பதில்லை.

மங்கல் வட்டத்தை நீங்களே கணக்கிடலாம். ஃபோகஸ் வைத்த தூரம், ஆள் நிற்கும் தூரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து 1-ஐ அவற்றால் வகுங்கள். கிடைத்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 0.098-ஆல் பெருக்குங்கள். விடை மிமீ. (0.098 என்பது 28மிமீ எஃப்/8-க்கு மட்டும்: 28-இன் வர்க்கம் வகுத்தல் 8, அதை ஆயிரத்தால் வகுத்தது. வேறு லென்ஸுக்கு இதேபோல் போட்டுக்கொள்ளுங்கள்.)

ஃபோகஸ் 3.3-இல், முகம் 1.7-இல் இருந்தால் வட்டம் 0.028 மிமீ. அதே படத்தில் 6 மீட்டரில் இருக்கும் போஸ்டருக்கு 0.013. முகத்தைவிடச் சுவர் இரண்டு மடங்கு ஷார்ப். உங்கள் பிரிண்ட் சொல்வதும் அதுதானே?

இப்போது ஃபோகஸ் வளையத்தை 2 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். 1.7-இல் முகம் 0.009 ஆகிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. சுவர் 0.033-க்குப் போகும், முடிவிலி 0.049. பின்னணி லேசாக இளகும், அவ்வளவுதான். பார்ப்பவர் கண் முதலில் முகத்துக்குப் போகிறது. அங்கே கூர்மை இருந்தால் பின்னால் இருப்பதை மன்னித்துவிடும். முகம் மெத்தென்று இருந்து சுவர் நறுக்கென்று இருந்தால் படமே தப்பு என்று தோன்றும்.

அடுத்தது ஸ்கேல். 0.03 மிமீ என்ற அளவு 8×10 அங்குலப் பிரிண்டைக் கண்ணுக்கு அருகே, சுமார் 25 செமீயில் பிடித்துப் பார்ப்பதை மனதில் வைத்தது. அங்கே பெருக்கம் எட்டு மடங்குக்குச் சற்று மேல், வட்டம் கால் மிமீ ஆகும்; கண் அதைப் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் போடுவது 12×18. பெருக்கம் பன்னிரண்டரை மடங்கு தாண்டுகிறது, அதே வட்டம் 0.38 மிமீ. காண்டாக்ட் ஷீட்டில் நன்றாக இருந்தது பிரிண்டில் கெட்டதற்கு வேறு மர்மம் இல்லை.

ஆகவே அபெர்ச்சர் எங்கே இருக்கிறதோ அதற்கு ஒரு ஸ்டாப் (துளையில் ஒரு படி) திறந்த கோட்டைப் படியுங்கள். எஃப்/8-இல் எடுத்தால் 5.6 கோடுகள், எஃப்/11-இல் எடுத்தால் 8 கோடுகள். இது வட்டத்தை 0.021-க்கு இறக்கிவிடும். 28மிமீ, எஃப்/8, வளையம் 2 மீட்டர்: 8 கோட்டின்படி 1.25 முதல் 5.1 மீட்டர், 5.6 கோட்டின்படி 1.4 முதல் 3.5. இரண்டாவதை நம்புங்கள். 16×20 போடுபவர்கள் இரண்டு ஸ்டாப் தள்ளிப் படிப்பார்கள். அந்த அளவுக்குப் போனால் ரேஞ்ச்ஃபைண்டரிலேயே பொருத்திவிடலாம் என்பது என் கட்சி.

ஸ்கேன் செய்து 100 சதவீதத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 4000 டிபிஐ-யில் 0.03 மிமீ என்பது ஏறக்குறைய 5 பிக்சல். மங்கலாகத்தான் தெரியும். அதைப் பார்த்து லென்ஸை விற்காதீர்கள்.

---

நடைபாதை எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனா நிழல்ல 1/125-னு எழுதியிருக்கீங்களே, அதுல பாதி படம் ஃபோகஸால கெடல, அசைவால கெட்டிருக்கு.

ஒருத்தர் சாதாரணமா நடக்கிற வேகம் நொடிக்கு 1.4 மீட்டர். 2 மீட்டர் தூரத்துல அவர் உங்களுக்குக் குறுக்கா போனா, 28மிமீ லென்ஸ்ல அவர் பிம்பம் ஃபிலிம் மேல நொடிக்குக் கிட்டத்தட்ட 20 மிமீ நகருது. 1/125-ல அது 0.16 மிமீ. நீங்க 0.03-க்கும் 0.02-க்கும் சண்டை போட்டுட்டு இருக்கீங்க, இங்க அஞ்சு மடங்கு போயிட்டிருக்கு! 1/500-ல 0.04. குறுக்கா நடக்கிறவங்களுக்கு அதுதான் குறைஞ்சபட்சம். எதிர்ல நேரா வர்றவங்களுக்கு 1/250 தாங்கும்.

எது எதுன்னு பிரிக்கிறது சுலபம். லூப்ல (உருப்பெருக்கிக் கண்ணாடியில) நெகட்டிவைப் பாருங்க. கண்ணுல விழுற வெளிச்சப் புள்ளி, சட்டை பட்டன், மூக்குக்கண்ணாடி விளிம்பு, இதெல்லாம் ஒரே பக்கமா இழுத்திருந்தா அசைவு. எல்லாப் பக்கமும் சமமா ஊதியிருந்தா ஃபோகஸ். ஆள் மட்டும் இழுத்திருந்து சுவர் சுத்தமா இருந்தா அவர் அசைஞ்சிருக்கார். சுவரும் சேர்ந்து இழுத்திருந்தா உங்க கை.

நிழலுக்கு வழி: எச்பி5-ஐ ஐஎஸ்ஓ 800-ன்னு மீட்டர்ல வெச்சுக்கோங்க, டெவலப் பண்ற நேரத்தைக் கூட்டிக்கலாம். திறந்த நிழல்ல 400-க்கு எஃப்/8, 1/125 வந்தா 800-க்கு 1/250. உச்சி வெயில்ல 1/1000, எஃப்/16-ல அடங்கிடும். 1600-க்குத் தள்ளினா நிழல்ல 1/500 கிடைக்கும், நல்லாத்தான் இருக்கும். ஆனா சந்து தாண்டி வெயிலுக்கு வந்ததும் எம்6-ல 1/1000-க்கு மேல ஷட்டர் கிடையாது, எஃப்/22-க்கு ஓடணும். அங்க சின்னத் துளையில வெளிச்சம் விரியுற டிஃப்ராக்‌ஷன்லயே வட்டம் 0.03 வந்துடும். அதனால வெயிலும் நிழலும் மாறி மாறி வர்ற தெருவுக்கு 800தான். ஐடி-11 டெவலப்பர், தண்ணி கலக்காத நேர் கரைசல், 20 டிகிரி, 400-க்கு 7.5 நிமிஷம், 800-க்கு 10.5. நம்மூர்க் குழாய்த் தண்ணி 20-ல வராது, டப்பால ஐஸ் கட்டி சுத்தி வெச்சு இறக்குங்க, டெவலப்பர் உள்ள போட்டுடாதீங்க.

---

கொல்லுப்பட்டறை எழுதியது:

ரேஞ்ச்ஃபைண்டரில் பொருத்தியவை சரியாக வந்திருப்பதால் லென்ஸும் பாடியும் ஒத்துப்போகின்றன. ஆனால் அதை வைத்து ஸ்கேல் சரி என்று சொல்லிவிட முடியாது. பல லென்ஸ்களில் தூர எண்கள் பொறித்த வளையம் தனித் துண்டு. பக்கவாட்டில் மூன்று பொடி ஸ்க்ரூ அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிரீஸ் மாற்றத் திறந்து மூடும்போது அந்த வளையம் ஒரு மயிரிழை திரும்பி உட்கார்ந்தால், ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக வேலை செய்யும், எண்கள் மட்டும் பொய் சொல்லும்.

சோதிப்பது பத்து நிமிட வேலை. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, பாடியின் பின்முகத்திலிருந்து அளவு டேப்பை நீட்டி 2 மீட்டரில் ஒரு செய்தித்தாளைச் செங்குத்தாக ஒட்டுங்கள். லென்ஸ் முனையிலிருந்து அளக்காதீர்கள். ஸ்கேல் ஃபிலிம் தளத்திலிருந்து எழுதப்பட்டது, கிட்டத்தில் அந்த ஐந்தாறு செமீ கணக்கில் வரும். ரேஞ்ச்ஃபைண்டரில் பொருத்தி, வளையம் என்ன சொல்கிறது என்று படியுங்கள். 1.9-க்கும் 2.1-க்கும் நடுவில் இருந்தால் விட்டுவிடுங்கள். 2.4 என்றால் வளையம் நகர்ந்திருக்கிறது. பிறகு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் டவர் ஒன்றைப் பார்த்து, வளையம் முடிவிலியில் முட்டும்போது இரண்டு பிம்பமும் சேர்கின்றனவா என்று பாருங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டர் மீதே ஐயம் இருந்தால் ஃபிலிம் இல்லாமல் நேராகக் கண்ணால் பார்த்துவிடலாம். அடிமூடியைக் கழற்றி, பின்கதவைத் தூக்கி, ஷட்டரை பி-யில் (அமுக்கியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) பூட்டும் வசதியுள்ள கேபிளால் திறந்து வையுங்கள். 35 மிமீக்கு மேல் அகலம் இல்லாத தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்றில் பால்போன்ற மங்கலான ஒட்டு டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, டேப் பக்கம் லென்ஸைப் பார்க்க உள்தண்டவாளத்தில் வையுங்கள். தண்டவாளம் இரண்டு ஜோடி இருக்கும்: ஃபிலிம் உட்காருவது உள்ஜோடியில், அழுத்தத் தகடு உட்காருவது வெளிஜோடியில். வெளிஜோடியில் வைத்தால் எல்லாமே தப்பாகத் தெரியும், நல்ல லென்ஸைத் திறக்கத் தொடங்கிவிடுவீர்கள். லென்ஸை எஃப்/2.8-க்குத் திறந்து, லூப்பால் செய்தித்தாள் எழுத்தைப் பாருங்கள். லூப் இல்லையென்றால் 50மிமீ லென்ஸைத் திருப்பிப் பிடித்தால் ஐந்து மடங்கு லூப். வேலை செய்யும்போது ஷட்டர் துணியில் விரல் படக்கூடாது.

ஸ்க்ரூ மவுண்ட் லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அடாப்டர் சரியாக 1 மிமீ தடிமன் இருக்க வேண்டும்: மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை ஸ்க்ரூ மவுண்டின் தூரம் 28.8 மிமீ, எம் மவுண்ட் 27.8. மலிவு அடாப்டரில் 0.05 மிமீ பிசகு சாதாரணம். கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் 28மிமீ லென்ஸ் முடிவிலியிலிருந்து 3.3 மீட்டருக்கு வர மொத்தமே 0.24 மிமீதான் முன்னே நகர்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கை அடாப்டர் தின்றுவிடுகிறது. எஃப்/8-இல் சமாளித்துவிடும், எஃப்/2.8-இல் கிட்டத்தட்ட முழுக் கையிருப்பும் போய்விடும். நுண்ணளவு மானியால் நாலு இடத்தில் அளந்து பாருங்கள். நாலும் ஒன்றாக இல்லாவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

---

மேகமூட்டம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. லூப்பில் பார்த்தேன்: நிழல் படங்களில் பட்டன்கள் பக்கவாட்டில் இழுத்திருக்கின்றன, வெயில் படங்களில் சமமாக ஊதியிருக்கின்றன. இரண்டு நோயும் இருக்கிறது போல. டேப் வைத்துப் பார்த்ததில் 2 மீட்டருக்கு வளையம் 2-இலேயே நிற்கிறது.

தூரம் மதிப்பிடுவதுதான் பாக்கி. 2 மீட்டர் என்று நான் நினைப்பது பெரும்பாலும் இரண்டரையாக இருக்கிறது. 35, 21 மாட்டினால் எங்கே வைப்பது என்றும் சொல்லுங்கள்.

---

இருட்டறை எழுதியது:

எல்லோருக்கும் அப்படித்தான், கிட்டத்தில் குறைத்தே மதிப்பிடுவோம். மனசால் மதிப்பிடாதீர்கள், கேமராவின் ஃபைண்டரில் கோடுகளால் தெரியும் கட்டத்தால் மதிப்பிடுங்கள். கேமராவைப் படுக்கைவாட்டில் பிடிக்கும்போது ஃபிலிமின் உயரம் 24 மிமீ. 28மிமீ லென்ஸில் 2 மீட்டரில் கட்டத்தின் உயரம் 1.71 மீட்டர், ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். தலை மேல்கோட்டிலும் செருப்பு கீழ்க்கோட்டிலும் தொட்டால் அவர் 2 மீட்டரில் நிற்கிறார். 35மிமீக்கு அதே கட்டம் 2.5 மீட்டர், 21-க்கு 1.5. இடுப்போடு வெட்டினால் இதில் பாதித் தூரம். எம்6-இன் கோடுகள் மிகக் கிட்டத் தூரத்துக்குப் பொருத்தியவை. இரண்டு மீட்டரில் ஃபிலிமில் விழுவது கோட்டைவிடச் சற்று அதிகம். ஆகவே கோட்டைத் தொட்டால் 2-க்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு 0.72 மடங்கு ஃபைண்டரில் 28 கோடு முழுதாகத் தெரியாது. முன்பக்கத்து நெம்புகோலைத் தள்ளி 35 கோட்டை வரவழையுங்கள். அதில் முழு ஆள் அடங்கினால் இரண்டரை மீட்டர், இன்னும் ஓர் அடி எடுத்து வையுங்கள்.

வீட்டில் பழக நாலு முழ வேட்டி போதும். நீளம் 2 மீட்டருக்கு நெருக்கம். அளந்து பார்த்துவிட்டுத் தரையில் விரித்து, ஒரு முனையில் நின்று மறுமுனையில் ஒரு ஸ்டூலை வைத்துப் பாருங்கள். 2 அடி டைல் போட்ட ஹாலில் ஐந்து டைல் 3 மீட்டர். கையை இருபுறமும் விரித்தால் உங்கள் உயரமே அளவு. பத்துத் தூரம் கற்றுக்கொள்ளாதீர்கள். 28-க்கு 2 மீட்டர், 35-க்கு இரண்டரை, இந்த ஒன்றைக் கண்ணில் ஏற்றிக்கொண்டு, கிட்டவா எட்டவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

35மிமீ: எஃப்/8, வளையம் 2.5 என்றால் கறாரான கணக்கில் (ஒரு ஸ்டாப் திறந்த கோட்டின்படி) 1.9 முதல் 3.8. எஃப்/11-இல் 1.7 முதல் 4.9. 28-ஐவிட இறுக்கம், நெரிசலில் 35-ஐ எஃப்/5.6-இல் வைத்துக்கொண்டு ஜோன் ஃபோகஸ் செய்கிறேன் என்பது அதிர்ஷ்டத்தை நம்புவதுதான். 21மிமீ: எஃப்/8, வளையம் 1.5, கறாராக 0.96 முதல் 3.5. கோடு காட்டுவது 0.83 முதல் 7.7. இங்கே ஃபோகஸ் பிரச்சினையே இல்லை, கட்டம்தான் பிரச்சினை. மேலே செருகும் ஃபைண்டர் லென்ஸைவிட உயரத்தில் இருப்பதால் ஒரு மீட்டரில் தலை வெட்டுப்படும். தலைக்கு மேல் இடம் விட்டே பிடியுங்கள். அந்த ஃபைண்டரில் ஃபோகஸ் தெரியாது என்பதால் வளையம் நகர்ந்ததும் தெரியாது.

15மிமீ ஹீலியார் லென்ஸின் முதல் ஸ்க்ரூ மவுண்ட் வடிவத்துக்கு ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பே கிடையாது. எஃப்/8-இல் ஹைப்பர்ஃபோகல் ஒரு மீட்டருக்கும் உள்ளே வந்துவிடும்போது இணைப்பு எதற்கு?

---

நடைபாதை எழுதியது:

வளையம் நகர்றதுதான் தெருவுல முதல் எதிரி. பையில இருந்து எடுக்கும்போது, வயித்துல உரசும்போது தானா திரும்பிடும். டேப் போட்டு ஒட்டாதீங்க, கிட்ட ஒரு முகம் வந்தா ரேஞ்ச்ஃபைண்டருக்கு மாற முடியாது.

உங்க லென்ஸ்ல அடியில விரல் வைக்கிற பிடி இருக்கும். வளையத்தை 2 மீட்டர்ல வெச்சுட்டு, கேமராவைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு, அந்தப் பிடி எந்தப் பக்கம் பார்க்குதுன்னு விரலால தடவிப் பாருங்க. ஒவ்வொரு லென்ஸுக்கும் அது வேற, அடுத்தவங்க சொல்ற கணக்கை எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு தடவை ஃபிலிம் ஓட்டும்போதும் விரலை ஒரு தடவை அங்க கொண்டு போங்க. பிடி இல்லாத பழைய லென்ஸா இருந்தா, ஒரு சின்ன கேபிள் டை வாங்கி ஃபோகஸ் வளையத்துல மாட்டி, 2 மீட்டர்ல இருக்கும்போது அதோட முடிச்சு நேர் கீழ வர்ற மாதிரி இறுக்குங்க. வாலை ஒட்ட வெட்டிடுங்க, இல்லன்னா விரலைக் கிழிக்கும். முடிவிலியில பூட்டுற பழைய லென்ஸ்னா இன்னும் கவனம்: ஒரு தடவை டக்குனு பூட்டிக்கிட்டா, பட்டனை அமுக்காம வெளிய வராது, நீங்க இழுத்துட்டு இருக்கும்போது ஆள் போயிடுவார்.

அப்புறம் ஷட்டரை எப்ப அமுக்குறது? எதிர்ல வர்றவருக்கு 3.5-லேர்ந்து 1.4 வரைக்கும் ரெண்டு மீட்டர் சொச்சம், அவர் நடையில ஒன்றரை நொடி. நீங்களும் அவரைப் பார்த்து நடந்தா முக்கால் நொடிதான். அதனால நின்னுக்கோங்க, அவர் நடந்து வரட்டும். கண்ணுக்குத் தூக்கினதுக்கு அப்புறம் அவர் செருப்பு கீழ்க்கோட்டைத் தாண்டற நேரம்தான் 2 மீட்டர்.

---

கொல்லுப்பட்டறை எழுதியது:

கேபிள் டை மாட்டுபவர்கள் அது அபெர்ச்சர் வளையத்தில் உரசாமலும், லென்ஸைக் கழற்றும் பட்டனை மறைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு வரி ரப்பர் பட்டை கொடுத்தால் பெயிண்ட் போகாது.

இன்னொன்று. பழைய லென்ஸில் அடியும் மீட்டரும் இரண்டு வரிசையாக இருக்கும், நிறம் மட்டும் வேறு. அவசரத்தில் 3 மீட்டருக்குப் பதில் அடி வரிசையின் 3-ஐ வைத்துவிட்டு ஒரு ரோல் முழுக்க 90 செமீயில் எடுப்பது அடிக்கடி நடக்கிறது. 2 மீட்டர் என்பது ஆறரை அடி. வேண்டாத வரிசையின் மேல் மெல்லிய கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.